இரண்டாவது சோடி

குதிரையைப் பற்றி எழுதுவம் என்றுதான் தொடங்கினோம். எங்களில் ஒருத்தர் பந்தயக் குதிரை பழக்குகிற ஆக்களைப் பற்றி எங்கேயோ வாசித்துவிட்டு வந்திருந்தார். எல்லாத்தையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கின ஒரு பழக்குநர், பழைய கைவைத்தியத்தையும் புதுமுறைகளையும் கலந்து, சவுக்கைக் குறைத்துக் குதிரை பழக்குகிறாராம். இரண்டு நாளாய் வேறு கதையில்லை. கடைசியில் மற்றவர் கேட்டார்: "உதெல்லாம் சரி, எங்கட பக்கத்தில குதிரை எங்க கிடக்கு?"

நெடுந்தீவில் கிடக்கு. ஆனால் அது ஓடிப் பரிசு எடுக்கிற குதிரை இல்லை. வெயிலுக்குள் தண்ணி தேடி அலையிற மட்டக்குதிரை. அப்போதுதான் எங்களில் ஒருத்தருக்குத் தன் பெரியப்பாவின் நினைவு வந்தது. பூநகரியில் சவாரி மாடு பழக்குகிறவர். 2008 வரைக்கும் ஒரு சோடி வைத்திருந்தவர். அது போனபிறகு பல வருசம் நுகத்தைத் தொடாமல் இருந்து, பேந்து புதிதாய்த் தொடங்கினவர். தேடின ஆள் எங்கட வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முந்தின காலத்தில் கேரதீவிலிருந்து பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். 'பாதை' என்று நாங்கள் சொல்வது தரையில் போகிற பாதையை இல்லை, தண்ணியில் மிதந்து வாகனம் காவுகிற பாதையை. இப்போது பாலத்தைக் கடக்கச் சில நிமிசம் போதும். கடந்தவுடன் உப்புக்காற்று, வெட்டை, பனை, அங்கங்கே வயல். மொட்டைக்கறுப்பன் அரிசி விளையிற மண். மழையை நம்பி விதைக்கிற வயல்கள்தான் பெரும்பாலும். பெரியப்பா கரையோரம் முழங்கால் அளவு தண்ணிக்குள் நின்றார். இரண்டு பக்கமும் இரண்டு மாடு. அவர் நடக்க அதுகளும் நடந்தன. ஓட்டமில்லை, சத்தமில்லை.

"உது என்ன பெரியப்பா, மாட்டைக் குளிப்பாட்டுறியளோ?"

"குளிப்பாட்டேல்லை. பள்ளிக்கூடம் நடக்குது. கரையில நில்லுங்கோ பிள்ளையள்."

நின்றோம். வெயில் சாய்கிற வரைக்கும் நின்றோம்.

சவாரி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நுகத்தில் இரண்டு மாடு, பாரம் குறைந்த வண்டில், அறுவடை முடிந்த வெளியிலோ அதற்கென்று ஒதுக்கின திடலிலோ நேர் ஓட்டம். தமிழ்நாட்டு ரேக்ளாவைப் பார்த்தவர்களுக்கு ஏறத்தாழ விளங்கும். மாடுகளைத் தரம் பிரித்து ஓடவிடுவார்கள். தைப்பொங்கலை ஒட்டியும் சித்திரை வருசத்தை ஒட்டியும் அறிவிப்பு ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் சுற்றும். இந்தப் பைத்தியம் எங்கட ஆக்களுக்கு எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பிறகு 'சிரித்திரன்' நடத்திய சிவஞானசுந்தரம் தினகரனில் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரத்தின் பெயரே 'சவாரித்தம்பர்'. ஒரு சமூகம் தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பதற்குத் தேர்ந்தெடுத்த பெயரில் சவாரி இருக்கிறது.

ஆனால் ஏன் மாடு? உலகத்தில் முக்கால்வாசி இடத்தில் வேகம் என்றால் குதிரைதானே. இந்தக் கரைக்குக் குதிரை வராமல் இல்லை. வந்தது, நிறைய வந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு, தமிழில் வெட்டியது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்துறை. அதற்குப் பிறகு வருகிற பகுதிதான் எங்களுக்கு முக்கியம். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஏன் இந்த வித்தியாசம்? குதிரைக்காரன் ஒருமுறை முழுக்க நட்டப்பட்டால் அடுத்தமுறை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அரசனுக்குக் குதிரை வேணும். அதனால் விட்டுக்கொடுத்திருக்கிறான் என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம். எண்ணூறு வருசத்துக்கு முந்தின இறக்குமதிச் சலுகை.

அக்கரையில் பாண்டியர் பட்ட பாடு இன்னும் பெரியது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: அங்கேயுள்ள அரசர்கள் ஆளுக்கு ஆள் வருசத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறார்கள், வருசம் முடியும்போது நூறு கூட மிஞ்சுவதில்லை. காரணமும் சொல்கிறார். குதிரையை எப்படிப் பார்ப்பது என்று இவர்களுக்குத் தெரியாது. சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுக்கிறார்கள். லாடம் அடிக்கிற, வைத்தியம் பார்க்கிற ஆக்களை வியாபாரிகள் வேண்டுமென்றே கூட்டிவருவதில்லை, வரவும் விடுவதில்லை. குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு விலை.

வெளியூர்க்காரர் எழுதினது, கொஞ்சம் ஊதிப்பெருத்தும் இருக்கலாம். ஆனால் இதை வாசித்தபோது மாணிக்கவாசகர் கதை வேறு மாதிரித் தெரிந்தது. பாண்டியன் குதிரை வாங்கக் காசு கொடுத்து அனுப்புகிறான். குதிரைகள் வந்து இலாயத்தில் நிற்கின்றன. விடிந்து பார்த்தால் எல்லாம் நரி. பக்திக்கதைக்குள் கருவூலக் கணக்கும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறதோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம். பொன்னைக் கொட்டி வாங்கின குதிரை கண்முன்னே இல்லாமல் போகிற அனுபவம் அந்த நாட்டுக்குப் புதிதாய் இருந்திராது. (சைவப் பெரியவர்கள் மன்னிக்கவேண்டும்.)

மார்க்கோ போலோ கதையைப் பெரியப்பாவுக்குச் சொன்னோம். சோறும் இறைச்சியும் என்றதும் சிரித்தார். லாடக்காரனை வரவிடாத இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. "அவன் குதிரையைத்தான் வித்தவன். தொழிலை விக்கேல்லை" என்றார். இந்தக் கட்டுரைக்காக நாங்கள் புரட்டின எல்லாப் பக்கத்தையும் விட அந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிதாய்ப் பட்டது.

மாட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பாரதத்தில் விராடன் அரண்மனையில் ஒளிந்திருந்த வருசத்தில் நகுலன் குதிரை பார்த்தான், சகாதேவன் மாடு பார்த்தான். எங்கட நிலம் சகாதேவன் பக்கம். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயத்தில் படுத்திருப்பது குதிரை இல்லை, நந்தி. வன்னியில் பட்டி பட்டியாய் மாடு, குறிசுட்டுக் காட்டில் மேயவிட்டு வளர்த்த மாடு. அதைப் பிடிக்க, அடக்க, நுகத்தில் பழக்க, வருத்தம் பார்க்க, மருந்து கட்ட ஊருக்குள்ளேயே ஆள். கப்பலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பிறகு வந்தவர்கள் குதிரையை இங்கேயே பெருக்கலாமா என்று பார்த்தார்கள். போர்த்துக்கேயர் நெடுந்தீவுக்குக் குதிரை கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தர் தீவுகளில் குதிரைப்பண்ணை நடத்தினார்கள். அவர்கள் 'இரண்டு சகோதரர்' என்று பெயர் வைத்த இரணைதீவிலும் குதிரை விட்டார்கள். அந்த இரணைதீவு இன்று பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் இருக்கிறது. 1992இல் சனம் இடம்பெயர்ந்து, கடற்படை இருந்து, கரையில் ஒரு வருசம் போராட்டம் நடத்தி, 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளமேறிப் போய் இறங்கினார்களே, அதே தீவு. பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி நெடுந்தீவில் குதிரை வளர்ப்பைக் கொஞ்சக்காலம் பார்த்தார். பேந்து அதுவும் விட்டுப்போனது. பண்ணையும் இல்லை, பழக்கிறவனும் இல்லை. குதிரை மட்டும் கட்டாக்காலியாய் மிஞ்சியது.

பூநகரிக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற வழியைக் காவல்காக்கத்தான் அது. இந்த ஊரின் விதி பெரும்பாலும் அதுதான், வேறெங்கோ போகிறவர்களுக்கு வழியாய் இருப்பது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் 'பூநகரி தொல்பொருளாய்வு' 1993இல் வந்தது. அதை வாசித்தால் இந்த ஊர் வழி மட்டும் இல்லை, மிகப் பழைய குடியிருப்பும் கூட என்று விளங்கும். அந்தப் புத்தகம் வந்த அதே 1993 நவம்பரில்தான் பூநகரிப் பெருஞ்சமர். மண்ணுக்குள் இருந்த பழைய ஓட்டுத்துண்டுகளும் மண்ணுக்கு மேல் விழுந்த செல் துண்டுகளும் ஒரே வருசத்துக் கதை.

பந்தயக் குதிரை தெற்கில் ஓடியது. காலிமுகத்திடலில் தொடங்கி, 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு மாறி, நுவரெலியாவில் 1875இலிருந்து. துரைமாரின் விளையாட்டு, பிறகு துரைமாரைப் போல இருக்க விரும்பினவர்களின் விளையாட்டு. 1956இல் கொழும்பில் ஓட்டம் நின்றது. பல வருசம் கழித்து நுவரெலியாவில் திரும்பத் தொடங்கியது. அதைப் பற்றி எழுத வேறு ஆக்கள் இருக்கிறார்கள்.

எங்கட பக்கத்து வேகம் வேலைக்குள்ளே இருந்து வந்தது. உழுத மாடுதான், நெல்லு ஏற்றின மாடுதான் வண்டிலிலும் ஓடியது. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் வண்டில் கட்டிக் குடும்பத்தோடு போய், நேர்த்தி முடித்துத் திரும்பி வரேக்க ஆர் முந்துறது என்று தொடங்கும் என்கிறார் பெரியப்பா. பின்னால் பானை சட்டி உருளும், கிழவிகள் திட்டுவார்கள், ஓட்டுகிறவனுக்குக் காது கேட்காது. அவர் தகப்பனிடமிருந்து இப்படித்தான் கற்றார். நெல்லு வண்டிலில், திட்டு வாங்கிக்கொண்டு.

அவருடைய முதல் சோடி ஒன்று வடக்கன் கலப்பு, மற்றது ஊர் மாடு. கிளிநொச்சிப் பக்கத்தில் அந்தச் சோடிக்குப் பெயர் இருந்தது. எப்படிப் பழக்கினார் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். துவரந்தடி நுனியில் ஆணி. ஓடமுதல் மாட்டுக்குச் சாராயம். ஒருநாள் முழுக்கத் தனியாய்க் கட்டி வெருட்டி வைப்பது. "எல்லாரும் செய்தது. நானும் செய்தனான். நல்லாச் செய்தனான்."

2008 ஒக்டோபர் கடைசியில் அவர்கள் வெளிக்கிட்டார்கள். நவம்பர் 15 இராணுவம் பூநகரியைப் பிடித்தது. சவாரி வண்டிலில் பொருள் ஏற்ற இடமில்லை. பார வண்டிலில் சவாரி மாட்டைக் கட்டினார். ஓட மட்டும் பழகின மாடு, தகரமும் நெல்மூட்டையும் கிழவியும் ஏற்றின வண்டிலை இழுத்தது. பரந்தன், தருமபுரம், விசுவமடு. பாதையெல்லாம் உழவு மெசினும் சைக்கிளும் சனமும். செல் விழுகிற சத்தத்துக்கு மாடு தறிகெட்டு ஓடப்பார்க்கும். புதுக்குடியிருப்புக்கு இங்காலே ஓரிடத்தில் வைக்கோலும் இல்லை, தண்ணியும் இல்லை. இரவு கட்டை அவிழ்த்தார். மூக்கணாங்கயிறையும் அறுத்துவிட்டார், எங்கேயாவது பற்றையில் கொழுவிக்கொண்டு நிற்கக்கூடாது என்று. மாடு போகவில்லை. காலமை அவர்கள் நடக்கத் தொடங்கினபோது பின்னால் கொஞ்சத்தூரம் வந்ததாம்.

இதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வன்னியில் மாடு வைத்திருந்த எந்த வீட்டுக்குப் போனாலும் இதைப்போல ஒரு கட்டவிழ்ப்புக் கதை இருக்கும். ஆக்களின் கணக்கே சரியாய் எடுக்கப்படாத போரில் மாட்டுக் கணக்கை ஆர் எடுப்பது.

மெனிக் பாம் முகாமில் ஒரு வருசத்துக்குக் கிட்ட. 2010இல் ஊருக்கு வந்தார்கள். கண்ணிவெடி எடுக்கும்வரை வயல் பக்கம் போகமுடியாது. எடுத்த பிறகு உழுகிறதுக்கு லாண்ட்மாஸ்ரர் வந்துவிட்டது. மாட்டுக்கு வேலையில்லை. யோசித்துப் பார்த்தால் இது சவாரிக்கு விழுந்த இரண்டாவது அடி. முன்பு வேலை செய்கிற மாடு வருசத்தில் சில நாள் ஓடியது. இப்போது ஓடுகிறதுக்கு என்றே மாடு வைத்திருக்கவேண்டும். அதற்குக் காசு வேணும். காசு போட்டவனுக்கு வெற்றி கெதியாய் வேணும். கெதியாய் வேணுமென்றால் ஆணிதான் குறுக்குவழி. போருக்குப் பிறகு சவாரி திரும்பவும் தொடங்கினதைப் பண்பாட்டு மீட்பு என்று எல்லாரும் எழுதினார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். திரும்பி வந்தவற்றுக்குள் ஆணியும் இருந்தது என்பதை ஒருத்தரும் எழுதவில்லை.

2013இல் பெரியப்பா இரண்டு நாம்பன் கன்று வாங்கினார். ஒன்று முழங்காவில் பக்கம், மற்றது வன்னேரிக்குளம் பக்கம். சுழி பார்த்தாரா? பார்த்தாராம். "சுழி பாக்காட்டி விக்கிறவன் எங்களை மடையன் எண்டு நினைப்பான், விலையைக் கூட்டுவான்." உண்மையில் பார்த்தது குளம்பை, முன்தோளை, ஓடிவந்து நின்றபிறகு மூச்சு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதை.

முதல் மூன்று மாதம் நுகம் இல்லை. கூட நடப்பது மட்டும். காலமையும் பின்னேரமும் ஒரே பாதை, ஒரே சத்தம். பிறகு பாரமில்லாத நுகம். பிறகு ஒரு மரக்குற்றியைக் கட்டி மணலில் இழுக்கவிடுவது. மணலில் வேகம் வராது, தோளும் பின்தொடையும்தான் உரமேறும். களப்புத் தண்ணிக்குள் நடத்துவது அவர் தகப்பன் காலத்து முறையில்லை. தொண்டமானாறுப் பக்கத்துச் சவாரிக்காரர் ஒருத்தர் கடலில் மாட்டை நீந்தவிடுவதைப் பார்த்து எடுத்தது. தண்ணி பாரத்தைத் தாங்கும், குளம்பு அடிபடாது, மூச்சு மட்டும் பழகும். கால் வீங்கினால் உப்பும் மஞ்சளும் போட்டு ஒத்தடம், புண்ணுக்கு வேப்பெண்ணெய். இதெல்லாம் தகப்பனிடமிருந்து வந்தது. ஆனால் கால்வாய் நோய்க்கு ஊசி போட மிருக வைத்தியரிடம் முதல் ஆளாய் நிற்பதும் அவர்தான். "வாகடத்தில எல்லாத்துக்கும் மருந்து கிடக்கு. கால்வாய்க்கும் கிடக்கு. நான் அதைச் செய்து பட்டியில பாதி செத்ததைப் பாத்தவன்." எது வேலை செய்ததோ அதை வைத்துக்கொண்டார். எது செய்யவில்லையோ அதை அப்பர் சொன்னது என்பதற்காக வைத்திருக்கவில்லை. பாரம்பரியம் என்ற சொல்லை எங்கள் தலைமுறை தூக்கிக்கொண்டு திரிகிற அளவுக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நாங்கள் ஒரு சின்ன உதவி செய்தோம், அதைச் சொல்லாமல் விடமுடியாது. இடப்பக்கத்து மாடு பஞ்சி என்பது அவருடைய முறைப்பாடு. தொடக்கத்தில் ஒரு கணம் பிந்தி வெளிக்கிடும், வண்டில் இடதுபக்கம் இழுபடும். போனில் படமெடுத்து மெதுவாய் ஓடவிட்டுக் காட்டினோம். பஞ்சியில்லை. ஒவ்வொரு தொடக்கத்திலும் அது முதலில் தலையைத் தாழ்த்தி, கழுத்தைக் கொஞ்சம் திருப்பி, பிறகுதான் தள்ளுகிறது. பெரியப்பா நாலு தடவை பார்த்தார். போய் நுகத்தைத் தடவினார். இடப்பக்கம் கழுத்து படுகிற இடத்தில் மரம் கையளவுக்குக் கரடாய் இருந்தது. அவ்வளவுதான். சீவி, துணி சுற்றி, வண்டிலின் நீள மரத்தை நுகத்தோடு கட்டுகிற இடத்தையும் வலப்பக்கம் ஒரு விரல் தள்ளிக் கட்டினார். வலது மாடு பலமானது, அந்தப் பக்கம் கட்டு நகர்ந்தால் பாரத்தில் அதன் பங்கு கூடும், மற்றது கொஞ்சம் ஆறும். அடுத்த ஓட்டத்தில் இரண்டும் ஒன்றாய் வெளிக்கிட்டன. "இவ்வளவு நாளும் பஞ்சி எண்டு பேசிப்போட்டன்" என்று அந்த மாட்டின் நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றார்.

ஆணி அவருடைய தடியில் இல்லை. தடி இருக்கிறது, நுனி மழுங்கினது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு அன்பு, கருணை என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தோம். சொன்னது இது: "பயத்தில ஓடுற மாடு நேரா ஓடாது பிள்ளையள். எங்க போறன் எண்டு பாத்து ஓடாது, எதில இருந்து தப்புறன் எண்டு பாத்துத்தான் ஓடும். நானும் அப்பிடி ஓடித்தான் பாத்தனான்."

எங்களில் குதிரையைப் பற்றி வாசித்தவர் இந்த இடத்தில் துள்ளினார். கிரேக்கத்தில் செனபன் இரண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கு முதலே குதிரைப் பழக்கத்தைப் பற்றி இதைப்போலத்தான் எழுதினார், கட்டாயத்தில் செய்கிறதைக் குதிரை விளங்கிச் செய்வதில்லை என்று. அமெரிக்கர் ஜோன் ரேரி 1858இல் லண்டனுக்குப் போய், ஆட்களைக் கடிக்கிறது என்று வாய்க்குக் கூடு போட்டு அடைத்து வைத்திருந்த குரூசர் என்ற குதிரையைச் சில மணித்தியாலத்தில் அடக்கிக் காட்டினார். அவரும் அடித்துப் பழக்காதே, விளங்கப்படுத்து என்றுதான் சொன்னார். ஆனால் அவரும் குதிரையின் ஒரு காலை மடித்து வாரால் கட்டித்தான் தொடங்கினார். பெரியப்பாவுக்கு இந்தக் கடைசி விசயம்தான் பிடித்தது. "பாத்தியளே, அவனும் கட்டித்தான் இருக்கிறான். கட்டாமல் பழக்கினன் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ."

இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை. எங்களில் ஒருத்தர் ஆணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சவாரி என்பது மாட்டுக்கு வதைதான் என்கிறார். இலங்கையில் மிருகவதைத் தடைச் சட்டம் 1907இல் வந்தது, அதில் எழுதின நூறு ரூபா அபராதத்தைச் சட்டமாய் மதிக்க முடியாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் சல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017 தையில் மெரினா நிறைந்தது. சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் அதே நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அந்த விவாதம் பண்பாடா வதையா என்ற இரண்டு சொல்லுக்குள் நின்றுவிட்டது என்பது எங்கள் குறை. தடியின் நுனியில் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு திடலிலும் ஓட்டத்துக்கு முதல் பார்த்தால், அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் நிறையச் செய்யலாம். சில இடங்களில் ஏற்பாட்டாளர்களே ஆணி பிடித்தால் வெளியே போடுகிறார்கள். சில இடங்களில் கண்டும் காணாமல்.

வென்றாரா? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். முதல் இரண்டு வருசம் இல்லை. தடியைப் பார்த்துச் சிரித்தார்களாம், "பெரியவர் சாமியாராகிட்டார்" என்று. மூன்றாம் வருசம் ஓர் ஓட்டத்தில் இரண்டாமிடம், பிறகு அங்கங்கே சில பரிசு. முதல் சோடி எடுத்ததில் பாதி கூட இல்லை. ஆணி இல்லாத மாடு ஆணி போட்ட மாட்டை எப்போதும் வெல்லும் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். உண்மை அப்படி இல்லை. ஆனால் இந்தச் சோடி இன்னும் ஓடுகிறது. ஆணியில் பழக்கின சோடிகள் சில வருசத்தில் திடலைக் கண்டாலே படுத்துவிடும் என்கிறார், தன் பழைய மாடு ஒன்றையும் அந்தக் கணக்கில் சேர்த்து.

இன்னொரு விசயம், தனியாய் எழுதவேண்டியது. மாடு இரண்டும் பெரியப்பாவின் சத்தத்தை விட அக்காவின் சத்தத்துக்குத்தான் காது திருப்புகின்றன. விடியப் பிண்ணாக்குக் கரைப்பதும், பனையோலை கிழித்துப் போடுவதும், காலைத் தூக்கிக் குளம்பு பார்ப்பதும் அக்கா. கட்டு ஒரு விரல் தள்ளவேண்டும் என்று முதலில் சொன்னதும் அக்காதான், போன் படத்தைப் பார்க்காமலே. திடலில் அக்கா வேலிக்கு வெளியே நிற்பார். நீங்கள் ஓட்டினால் என்ன என்று கேட்டோம். சிரித்துவிட்டுத் தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெரியப்பா காதில் விழாத மாதிரி நின்றார். குதிரை வித்து, தொழிலை விக்காத வியாபாரியின் கதையைச் சற்றுமுன்னர்தான் அவருக்குச் சொல்லியிருந்தோம். ஞாபகப்படுத்த எங்களுக்குத் துணிவு வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருத்தன் இப்போது வருகிறான். பதினேழு வயது. சனி ஞாயிறில் மரக்குற்றி இழுக்கவைக்க அவனை விடுகிறார். ஒருநாள் அவசரத்தில் அவன் மாட்டின் வாலைக் கடித்தானாம், எங்கேயோ பார்த்துவிட்டு. ஒரு கிழமை வரவேண்டாம் என்று அனுப்பினார். எட்டாம் நாள் விடிய அவன் வாசலில் நின்றான்.

நாங்கள் வெளிக்கிடும்போது மாடு இரண்டையும் றோட்டுக்குக் கொண்டுவந்தார். பாலத்துப் பக்கம் பார வாகனங்கள் போகிற சத்தத்துக்குப் பழக்கவேண்டுமாம், அடுத்த மாதம் ஓட்டம் றோட்டோரத் திடலில். முதல் லொறி வந்ததும் இடது மாடு நின்றுவிட்டது. காது முன்னுக்கு, கால் விறைத்து. தடி அவர் கையில்தான் இருந்தது. அவர் கயிறைத் தளர்த்திவிட்டு மாட்டுக்குப் பக்கத்தில் தானும் நின்றார். இரண்டாவது லொறி. மூன்றாவது ஒரு பஸ். எங்களுக்கு யாழ்ப்பாணம் போகிற கடைசி பஸ் அதுதான், ஓடிப்போய் ஏறினோம். பின் கண்ணாடியால் பார்த்தோம். அவர்கள் மூன்று பேரும் இன்னும் அதே இடத்தில் நின்றார்கள்.